புள்ளியை விட்டுக் கண்ணெடுக்காதே

பூங்கோதை டீச்சரிடம் வாதாடி ஜெயித்தவர் என்று தில்லியில் யாரையும் காட்ட முடியாது. பூசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக நாலாம் வகுப்பு எடுக்கிறவள். ஆபீசில் பத்துப் பேரை விரட்டி வேலை வாங்குகிற தகப்பன்மார்கூட, பெற்றோர் கூட்டத்தன்று பிள்ளையின் நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் சாதுவாக நிற்பார்கள். அப்படிப்பட்டவள் ஐந்து வருஷமாக ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வாதாடித் தோற்றுக்கொண்டிருந்தாள். அவர் டாக்டர் பரமசிவம். அவளுடைய ஒரே மகன் அருள்ராஜுக்கு வைத்தியம் பார்க்கிற மனநல டாக்டர்.

"ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னுட்டீங்க. தலைய ஸ்கேன் எடுத்தீங்க, அதுலயும் ஒண்ணும் இல்ல. பொறவு எத வச்சு டாக்டர் எம் பிள்ளைக்கு அந்த வியாதின்னு சொல்லுதீங்க?"

"அவன் சொல்றதை வச்சு, நடந்துக்கறதை வச்சுத்தாம்மா. டெஸ்ட் எடுத்துக் கண்டுபிடிக்கிற வியாதியா இது இன்னும் ஆகலை."

"டெஸ்டே இல்லாம ஒரு பிள்ளைய ஃபெயில்னு நான் எழுதுனா சும்மா விடுவீங்களா?"

டாக்டர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. எஞ்சினியரிங் மூன்றாம் வருஷத்தில், ஹாஸ்டல் சுவருக்கு அந்தப் பக்கம் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அருள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்குப் படிப்பு நின்றது. மாத்திரை கொடுத்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு ஓய்ந்தது உண்மைதான். ஆனால் கூடவே அவனுடைய பேச்சும் ஓய்ந்துவிட்டது. உடம்பு பெருத்து, நடை தளர்ந்து, கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஏழாவது மாடி ஜன்னல் ஓரம் இருபத்துநாலு வயதுப் பிள்ளை மத்தியானம் மூன்று மணிவரை போர்வைக்குள் கிடந்தான். 'இவனுக்கு அந்த வியாதி இல்லை' என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பூங்கோதைக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோயே இல்லை என்று சாதிக்கிறவள், புருஷனோடு சண்டை என்று வந்துவிட்டால், அந்த நோய் எந்த வழியாக வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவாள். செல்வராஜின் தம்பி தர்மன் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போனவர். அப்புறம் தகவலே இல்லை. "எல்லாம் உங்க தர்மன் ரத்தம்" என்பாள். செல்வராஜ் மத்திய அமைச்சக ஆபீசில் ஃபைல் தள்ளித் தள்ளி வாய் பேசுவதையே மறந்த மனிதர். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடுவார்.

ஜனவரி மாதம் ஆஸ்பத்திரியில் ஜ்யோத்ஸ்னா என்ற ஆராய்ச்சி மாணவி இவர்களைப் பிடித்தாள். ஒல்லியான நொய்டாப் பெண். கண்ணசைவை வைத்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, நோயாளிகள், அவர்களுடைய வீட்டார், எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் என்று மூன்று வகை ஆட்கள் வேண்டும், அருளும் அம்மாவும் கலந்துகொள்ள முடியுமா என்று இந்தியில் கேட்டாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு புள்ளி இப்படியும் அப்படியும் மெதுவாக நகரும். பெரும்பாலானவர்களின் கண் அதோடு வழுக்கிக்கொண்டே போகும். இந்த வியாதி உள்ளவர்களில் நிறையப் பேருக்குக் கண் பின்தங்கிவிட்டு, பிறகு தாவித் தாவிப் பிடிக்கும். அப்புறம் படங்கள் காட்டுவோம். மற்றவர்கள் படம் முழுக்கச் சுற்றிப் பார்ப்பார்கள், இவர்களுடைய கண் இரண்டொரு இடத்திலேயே நின்றுவிடும். நோய்க்குக் கண்ணே ஒரு அடையாளம் ஆகுமா என்று பார்க்கிறோம் என்றாள்.

"அப்போ இதுதான் டெஸ்ட்" என்றாள் பூங்கோதை.

இல்லை ஆன்ட்டி, தனி ஆளை வைத்து இப்போது எதுவும் சொல்ல முடியாது, நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும், இது பரீட்சை மாதிரி இல்லை என்று அந்தப் பெண் மூன்று தடவை சொன்னாள். பிறகு அருள் சாப்பிடுகிற மாத்திரையின் பெயரையும் அளவையும் குறித்துக்கொண்டாள். எதற்கு என்று பூங்கோதை கேட்டதற்கு, மாத்திரையும் கண்ணசைவைக் கொஞ்சம் மாற்றும், அதனால்தான் என்றாள். ஐந்து வாரம் கழித்து வரச் சொல்லித் தேதி கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செல்வராஜ் மெல்ல ஆரம்பித்தார். "ஏளா, அந்தப் பிள்ள பரீட்ச இல்லன்னுதான சொல்லிச்சு?"

"எல்லா வாத்தியாரும் அப்படித்தான் சொல்லுவோம். பிள்ளைங்க பயந்துரக் கூடாதுன்னு சொல்லுறது அது."

அவ்வளவுதான். மறுநாள் சாயங்காலம் பாடம் தொடங்கிவிட்டது.

அடிஸ்கேலின் நுனியில் தன்னுடைய ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினாள். அருளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே நின்று, ஸ்கேலை இடமிருந்து வலமாக, வலமிருந்து இடமாக மெதுவாக நகர்த்தினாள். நாலாம் வகுப்புப் பாடப்படங்களை வீட்டுக்குத் தூக்கிவந்து சுவரில் மாட்டினாள். சந்தைப் படம், ரயில்வே ஸ்டேஷன் படம். "எல்லா மூலையும் பாரு. ஒரே எடத்துல நிக்காத."

"எம்மா, இது என்ன போர்டு எக்ஸாமா?"

"அதவிடப் பெரிசு. தலைய ஆட்டாதய்யா, கண்ணு மட்டும் போகணும். புள்ளிய விட்டுக் கண்ணெடுக்காத."

"பாஸானா?"

"பாஸானா மாத்திர கெடையாது. ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரே எழுதிக் குடுத்துருவாரு."

அருள் கொஞ்ச நேரம் அம்மாவைப் பார்த்தான். "அச்சா" என்று சொல்லிவிட்டு மறுபடி புள்ளியைப் பார்த்தான்.

ஒரு வாரம் போயிற்று. கண் பாதி வழியில் சொருகிச் சொருகி நின்றது. பையன் கொட்டாவி விட்டான். பூங்கோதைக்கு அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. மாத்திரையும் கண்ணசைவை மாற்றும். இருமல் மருந்தைக் குடித்துவிட்டு வந்து பரீட்சையில் தூங்குகிற பிள்ளைகளை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள். இவன் தோற்றால் அது நோயால் இல்லை, மாத்திரையால் என்று அவளுக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது.

இதை எப்படிச் சொல்வது? பிள்ளைக்குக் கெடுதல் நினைக்கிறவளா அவள்? பெற்று, பால் கொடுத்து, மூன்று தடவை டைஃபாய்டிலிருந்து மீட்டவள். ஆனாலும் செய்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், இட்லி சாப்பிட்டு முடித்த பிள்ளையின் உள்ளங்கையில், அவனுடைய மாத்திரைக்குப் பதிலாகத் தன்னுடைய கால்சியம் மாத்திரையை வைத்தாள். அதே வெள்ளை, ஏறக்குறைய அதே அளவு. அவன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். பரீட்சை முடிகிறவரைக்கும்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். செல்வராஜிடம் மூச்சு விடவில்லை.

நாலாம் நாள் அருள் காலை ஆறு மணிக்கு எழுந்தான். தானே ஷேவ் பண்ணிக்கொண்டான். ஒரு வாரத்தில் கண்ணில் இருந்த அந்த மப்பு கலைந்தது. ஸ்கேல் போன இடமெல்லாம் கண் போனது. போனது என்றுதான் அவளுக்குப் பட்டது. பத்தாம் நாள் அப்பாவைக் கேலி செய்தான். செல்வராஜ் தட்டிலிருந்து நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை, "எம்மா, சலோ, சரோஜினி நகர் போவோம், பரீட்சைக்குப் புதுச் சட்டை வேண்டாமா?" என்று அவனே கூப்பிட்டான். கூட்டம் என்றால் ஒதுங்குகிற பிள்ளை, அந்த நெரிசலில் அவளுக்கு முன்னால் வழி பிளந்துகொண்டு போனான். கடைக்காரனிடம் இந்தியில் "பையா, பையா" என்று உரக்கப் பேரம் பேசினான். கடைக்காரன் இறங்கி வந்த பிறகும் விடவில்லை. வழி முழுக்க நிறுத்தாமல் பேசினான். காலேஜ் கதை, கிரிக்கெட் கதை, பக்கத்து பிளாக் நாய்க்குட்டி கதை. என் பிள்ளை திரும்பி வந்துவிட்டான் என்று பூங்கோதைக்கு அழுகை முட்டியது. ஆட்டோவில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்ணில் தூசி என்று சொன்னாள்.

குறித்த நாள் வந்தது. சின்ன அறை, பாதி இருட்டு. முகவாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும். முதலில் பூங்கோதை உட்கார்ந்தாள். பாடம் நடத்தினவளே பரீட்சை எழுதுகிற மாதிரி. அவளுக்கு உள்ளூரச் சிரிப்புகூட வந்தது. புள்ளி நகர்ந்தது, பார்த்தாள். படங்கள் வந்தன, பார்த்தாள். இதில் என்ன இருக்கிறது என்று எழுந்தபோது, ஜ்யோத்ஸ்னாவின் கம்ப்யூட்டரில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று வழுவழுவென்று ஏறி இறங்கியது. அதன் மேலேயே இன்னொன்று, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டிப் போனது.

"இது யாரோடது?"

அந்தப் பெண் திரையைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். சொல்லக் கூடாது ஆன்ட்டி என்றாள். பூங்கோதை நகரவில்லை. டீச்சர் பார்க்கிற பார்வையைப் பார்த்தாள். கடைசியில் அந்தப் பெண் தாழ்ந்த குரலில் சொன்னாள். வழுவழுப்பானது புள்ளியின் கோடு, மற்றது உங்கள் கண். பயப்படாதீர்கள், நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். இப்படி எல்லாரிலும் கொஞ்சம் பேருக்கு இருக்கும். நோயாளிகளின் அம்மா அப்பா, கூடப் பிறந்தவர்களில் அதைவிட அதிகம் பேருக்கு. நோய் வராது, கண் மட்டும் இப்படி. இந்த ஒன்றை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

பூங்கோதைக்குத் தர்மன் முகம் நினைவுக்கு வந்தது. ஐந்து வருஷமாக அந்த மனிதரின் தலையில் கட்டிவைத்த பழி. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. என் கண்ணே இப்படி என்றால், எனக்கு ஒன்றும் இல்லை என்றால், அவனுக்கும் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? இப்படி ஒரு கணக்கைப் போட்டு, அதை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து அருளை உள்ளே அனுப்பினாள்.

கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். புதுச் சட்டை. முகவாயைத் தாங்கியில் வைத்தான். இரண்டு நிமிஷம் ஒழுங்காகப் போனது. பிறகு அவன் உதடு அசைய ஆரம்பித்தது. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. ஜ்யோத்ஸ்னா நிறுத்திவிட்டு என்னவோ கேட்டாள். ஒன்றுமில்லை, நடத்துங்கள் என்று கையைக் காட்டினான். முடித்துவிட்டு வெளியே வந்தபோது பிப்ரவரிக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எம்மா, நல்லா பண்ணுனேனா?"

"நல்லா பண்ணுனய்யா."

ஜ்யோத்ஸ்னா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறானா, அளவு ஏதாவது மாறியதா என்று கேட்டாள். ஒருநாள்கூட விடவில்லை என்றாள் பூங்கோதை. அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். டாக்டரை இந்த வாரமே பார்த்துவிடுங்கள் ஆன்ட்டி என்றும் சொன்னாள். சரி என்றாள். போகவில்லை. மாத்திரையையும் திரும்ப ஆரம்பிக்கவில்லை. ஏதாவது ஒரு நல்ல வார்த்தை வந்துவிடாதா என்று காத்திருந்தாள். நாலு நாள் காத்திருந்தாள்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளியலறைக்குள் கரகரவென்று சத்தம் கேட்டுச் செல்வராஜ் கதவைத் தள்ளினார். அருள் காய்கறிக் கத்தியால் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பூங்கோதை குளிக்கும்போது எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். ஒவ்வொன்றாகப் பெயர்த்து எறிந்துகொண்டிருந்தான். எல்லாம் தன்னையே பார்க்கின்றன, கண்ணை எடுக்கவே மாட்டேன் என்கின்றன என்றான். குரல் அவன் குரலாகவே இல்லை. கடைசியில் திரும்பி, வாசலில் நின்ற அம்மாவின் நெற்றியைப் பார்த்தான். அங்கேயும் ஒன்று இருந்தது. அவன் எட்டு வைத்தபோது செல்வராஜ் குறுக்கே பாய்ந்து கத்தியை வெறுங்கையால் பிடித்தார்.

பக்கத்து வீட்டு ஷங்கர்தான் கார் எடுத்தார். எமர்ஜென்சியில் ஊசி போட்டு அருளைப் படுக்கவைத்தார்கள். டாக்டர் பரமசிவம் வந்து, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தும் இப்படி ஆனால் மருந்தையே மாற்றியாக வேண்டும், இதைவிடக் கடுமையான மருந்து என்றார்.

"இவ கையாலதான் டாக்டர் குடுக்கா. ஒருநாள் தப்பாது" என்றார் செல்வராஜ். அவருடைய வலது உள்ளங்கையில் ஏழு தையல்.

அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள் பூங்கோதை. சொல்லாவிட்டால் பிள்ளைக்கு வேறு மருந்து ஏறும். சொன்னால் இந்த மனிதன் முகத்தில் எப்படி முழிப்பது?

"நான் மாத்திர குடுக்கல டாக்டர். நாலு வாரம் ஆகப் போவுது. கால்சியம் குடுத்தேன். பரீட்சைல தூங்கிருவான்னு."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பழைய மருந்தையே ஆரம்பிப்போம்" என்றார். "குணமாவான். ஆனா ஒவ்வொரு தடவை இப்படி விழுந்து எந்திரிக்கறப்பவும், முன்னாடி இருந்த இடத்துக்கு அப்படியே வந்துருவான்னு சொல்ல முடியாதும்மா." செல்வராஜ் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார். அவளுக்குத்தான் போய் உட்காரக் கால் வரவில்லை.

மறுநாள் தானாகவே போய் ஜ்யோத்ஸ்னாவிடமும் சொன்னாள். எழுதிக்கொண்டது பொய் என்றாள். அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. அருளின் பதிவை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றாள். எடுத்துக்கோம்மா என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்தாள் பூங்கோதை.

இரண்டு வாரம் வார்டில் இருந்தான் அருள். மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. பழைய மப்பு கண்ணில் திரும்ப வந்தது. நாக்கு தடித்த மாதிரி நிதானமாகப் பேசினான். பூங்கோதை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலோரமே கிடந்தாள். நெற்றியில் பொட்டு வைப்பதை விட்டிருந்தாள்.

ஒருநாள் காலை, நர்ஸ் மஞ்சு மாத்திரையை அவள் கையில் கொடுத்து, நீங்களே கொடுங்கள், நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்றாள். பூங்கோதை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அவன் முன்னால் விரித்துக் காட்டினாள். அருள் கையை நீட்டினான்.

"பாத்துட்டுப் போடுய்யா" என்றாள். "வீட்டுல நான் ஒனக்கு வேற மாத்திர குடுத்துட்டு இருந்தேன். ஒங்கிட்ட சொல்லல. சண்டாளி நான்."

அருள் மாத்திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

"தெரியும்மா."

"என்னய்யா தெரியும்?"

"மொத நாளே தெரியும். இது கசக்கும். அது கசக்கல."

"பொறவு ஏன்யா முழுங்குன? அப்பாட்ட சொல்லியிருக்கலாம்லா. சத்தம் கேக்க ஆரம்பிச்சதும் சொல்லியிருக்கலாம்லா. எப்ப ஆரம்பிச்சிச்சு?"

"சட்டை வாங்கப் போனோம்லா. அன்னைக்கு." ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான். "அதுங்க பேசுறது கேக்கக் கூடாதுன்னுதான் நான் பேசிட்டே வந்தேன். நீ சந்தோஷமா இருந்த."

பூங்கோதை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். அருள் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு நீ ஒருத்திதாம்மா சொன்ன. அப்பாகூடச் சொல்லல. நான் வாயத் தெறந்தா நீயும் நம்ப மாட்டியேன்னுதான் சும்மா இருந்தேன்."

நர்ஸ் மஞ்சுவுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அருள் அவள் கையை விடாமலே கேட்டான்.

"இப்ப நம்புதியா? எனக்கு நோய்னு?"

வாதாடிச் சளைக்காத வாய், எத்தனையோ பதில் வைத்திருந்த வாய். இல்லய்யா என்று ஒரு சொல் நுனிநாக்குவரை வந்தது. அந்தச் சொல்லுக்காக இந்தப் பிள்ளை என்ன கொடுத்தான் என்பது இப்போது அவளுக்குத் தெரியும்.

"நம்புதேன்யா" என்றாள். "ஒனக்கு ஸ்கிசோஃப்ரீனியா இருக்கு."

அருள் மெதுவாகத் தலையை ஆட்டினான். மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். தம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.